யாழ்ப்பாண ஸ்கூட்டி கொழும்பில் புகைச் சோதனையில் தேறுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவின் மகன் மூலம் 2014 இல் பதிவான ஸ்கூட்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். என்.பீ. (வட மாகாண) தகடு. கொழும்பில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது, அங்கே தேறிய வாகனம் இங்கே தேறாது, யூரோ 4 புகைத் தரம் இல்லாத வண்டியை மேல் மாகாணத்துக்கு மாற்ற விடமாட்டார்கள் என்கிறார் ஒரு புரோக்கர். 35,000 ரூபாய் தந்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவாராம். வண்டியின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் முடிகிறது. பதிவுப் புத்தகம் இன்னும் என் பெயருக்கு மாறவில்லை. பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தப் புரோக்கரின் இலக்கத்தையும் ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்.

கொழும்புக்கென்று தனிப் புகைச் சட்டம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நாரஹேன்பிட்ட எல்லா இடத்திலும் ஒரே அளவுதான். வாகனப் புகைச் சோதனைத் திட்டம் 2008 இன் கடைசியில் முதலில் மேல் மாகாணத்தில்தான் தொடங்கியது. மற்ற மாகாணங்களுக்கு அது பிறகுதான் போனது. "கொழும்பென்றால் கடும்" என்ற பேச்சு அந்தக் காலத்துப் பேச்சு. திட்டம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் பேச்சு ஓயவில்லை, அதை வைத்துப் பிழைப்பவர்களும் ஓயவில்லை.

யூரோ 4 என்பது வேறு சங்கதி. 2018 இல் இங்கே நடைமுறைக்கு வந்த அந்தத் தரம், நாட்டுக்குள் புதிதாக இறக்குமதியாகும் வாகனங்களுக்கானது. 2014 இல் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ஸ்கூட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்களிடம் கேட்பது வருடாந்தப் புகைச் சோதனை மட்டும்தான். சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்பன் மொனொக்சைட்டும் எரியாமல் வெளியேறும் பெற்றோல் ஆவியும் எவ்வளவு என்று அளப்பார்கள். சில நிமிட வேலை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், ஒழுங்காக சேர்விஸ் செய்த வண்டி என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

ஒழுங்காக சேர்விஸ் செய்ததா என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஸ்கூட்டிகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது எயார் ஃபில்டரை. உள்ளே செம்மண் அப்பியிருக்கும், தட்டினால் கொட்டும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் எஞ்சினுக்குள் பெற்றோல் விகிதம் கூடிவிடும், கார்பன் மொனொக்சைட் எகிறும். புது ஃபில்டர் ஒன்று போட்டாலே பாதி வண்டிகள் தேறிவிடும். அதோடு பிளக்கை மாற்றுங்கள், எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், காபரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். ஒட்டோ சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குத் தானாகவே பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது) உள்ள மாடல் என்றால் அது சிக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சரில் துரு ஓட்டை இருந்தால் அளவு சரியாக வராது, அதை அடைத்துவிட்டுப் போங்கள். சோதனைக்குப் போகும் நாளில் பதினைந்து நிமிடமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். காலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணி அடுத்த தெருவிலிருக்கும் நிலையத்துக்கு நேரே போய், குளிர்ந்த எஞ்சினோடு ஃபெயிலாகி வந்து புலம்புகிறவர்கள் ஏராளம்.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். சில கராஜ்களில் சோதனைக்கென்றே காபரேட்டர் ஸ்குரூவைத் திருகி பெற்றோலை அளவுக்கு மீறிக் குறைத்துவிடுவார்கள். சான்றிதழ் கிடைத்துவிடும். பிறகு ஏற்றத்தில் வண்டி இழுக்காது, எஞ்சின் கொதிக்கும், திரும்ப அதே கராஜுக்குப் போய் இன்னொரு தரம் காசு கொடுத்து ஸ்குரூவைப் பழையபடி திருக வேண்டும். வருடா வருடம் இதற்கே வாடிக்கையாகிவிட்டவர்கள் இருக்கிறார்கள். பத்து வருட வண்டிக்கு வால்வ் இடைவெளி பார்க்கச் சொல்வதுதான் முறை. அதை நாமாகக் கேட்டால் ஒழியச் செய்யமாட்டார்கள்.

வாகனத்தைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இப்போது கணினியில் ஏறுகின்றன, அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது அங்கே பார்ப்பார்கள். வீதியில் வைத்தும் திடீரென்று நிறுத்திப் புகை பார்ப்பார்கள். நிறுத்துவது பெரும்பாலும் உங்களையும் என்னையும்தான் என்பது தனிக் கதை. காலி வீதியில் நமக்கு முன்னால் கறுப்பாகக் கக்கிக்கொண்டு போகும் பஸ்ஸுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கத்தான் செய்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்று கேட்க ஆளில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் பழைய வெஸ்பாக்களின் கதை வேறு, உங்களுக்கு அது தேவையில்லை. மண்ணெண்ணெய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல், ஒரு சின்னப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஊரெல்லாம் ஓடியவர்கள் நம் ஆட்கள். அது அன்றைய கஷ்டம். 2022 தட்டுப்பாட்டிலும் சிலர் அந்தப் பழக்கத்துக்குத் திரும்பினார்கள். உங்கள் வண்டி அப்படி ஓடியிருந்தால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி கட்டியிருக்கும். தம்பியிடம் கேளுங்கள், உறவுக்காரன்தானே, மறைக்கமாட்டான்.

சரி, புகை முடிந்தது. நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "பதிவுப் புத்தகம் இன்னும் என் பெயருக்கு மாறவில்லை."

புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது? சித்தப்பாவின் மகன் பெயரா? "மூலம் வாங்கினேன்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், "அவனிடம் வாங்கினேன்" என்று எழுதவில்லை. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஓப்பன் பேப்பராகத்தான் இருக்கும். முதல் சொந்தக்காரர் உரிமை மாற்றப் படிவங்களில் வெறுமனே ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயரை எழுதாமல் அடுத்தவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு விற்பார். நாலு கை மாறியும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது வண்டி வராத காலத்தில் பழைய ஸ்கூட்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. அப்போது இந்தப் பேப்பர் வியாபாரம் இன்னும் கொழுத்தது.

வாகனம் கை மாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதை யாரும் மதிப்பதில்லை. விபத்து நடக்கும்போதுதான் மதிப்பார்கள். உங்கள் வண்டி ஒருவரை இடித்துவிட்டால் பொலிஸ் தேடிப் போவது புத்தகத்தில் இருக்கும் ஆளை. காப்புறுதி நிறுவனம் கேட்பது, இந்த வாகனத்தோடு உங்களுக்கு என்ன உரித்து என்று. விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து, இடையில் கமிஷன் எடுத்தவர் மட்டும் நிம்மதியாகத் தூங்குவார்.

பதிவு உரிமையாளர் நாட்டில் இருந்தால் விஷயம் லேசு. அவருடைய அடையாள அட்டைப் பிரதி, உங்களுடையது, புத்தகத்தின் மூலப்பிரதி, உரிமை மாற்றத்துக்கான எம்.டீ.ஏ. 6, எம்.டீ.ஏ. 8 படிவங்கள். படிவத்தில் அவர் உங்கள் கண் முன்னால் ஒப்பமிட வேண்டும். நாளை பார்க்கலாம், தம்பி கொண்டுவருவான் என்ற பேச்செல்லாம் வேண்டாம். புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான விடுவிப்புக் கடிதமும் வேண்டும். கடனே முடியாத வண்டியை விற்றிருப்பார்கள், ஒருநாள் கடன் கட்டாத வண்டியைப் பறித்துப்போகும் சீஸர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று சீட்டுக்கு அடியிலும் எஞ்சினிலும் அடித்திருக்கும் இலக்கங்களை டோர்ச் அடித்துப் பார்த்து ஒப்பிடுங்கள். திணைக்கள இணையதளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தாலும் விவரம் வரும்.

ஆனால் பதிவு உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால்? யாழ்ப்பாண வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வண்டியை அப்பாவிடமோ மச்சானிடமோ விட்டுவிட்டு அவர் கனடாவுக்கோ பிரான்ஸுக்கோ போயிருப்பார். வீட்டில் இருந்தவர் விற்றிருப்பார். அவருக்கு விற்கும் அதிகாரமே இல்லை. "அண்ணாவின் ஒப்பம் எனக்கு அத்துப்படி, நானே போட்டுத் தாறன்" என்று யாராவது அன்போடு சொல்வார்கள். அது உதவி இல்லை, கள்ள ஒப்பம். பின்னாளில் மாட்டிக்கொண்டால் படிவத்தைக் கொடுத்தவர் நீங்கள் என்றுதான் வரும்.

இதற்குச் சரியான வழி அற்றோர்னித் தத்துவம், அதாவது தன் சார்பில் இன்னொருவர் செயற்பட எழுத்தில் கொடுக்கும் அதிகாரம். உரிமையாளர் தான் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ போய் அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும். டொரன்டோக்காரர் என்றால் அங்கேயே துணைத் தூதரகம் இருக்கிறது, ஒட்டாவாவுக்கு ஓட வேண்டியதில்லை. மூலப்பிரதி இங்கே வந்ததும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு போய் அலையாதீர்கள். அதில் வாகனத்தின் பதிவு இலக்கமும், விற்கவும் உரிமையை மாற்றவும் அதிகாரம் தருகிறேன் என்ற வார்த்தைகளும் இருக்க வேண்டும். காணி வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பழைய தத்துவத்தில் ஸ்கூட்டி அடங்காது. இன்னொன்று: தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். எனவே தத்துவத்தின் திகதியை மட்டும் பார்க்காமல், ஆளோடு ஒருதரம் வீடியோவில் பேசிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. வட்சப்பில் ஃபோட்டோ எடுத்து அனுப்பிய கடிதத்தை நம்பிக் காசு கொடுத்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

உரிமையாளர் காலமாகியிருந்தால் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கே எழுதி முடியாது.

இத்தனையையும் ஒரு சாதாரண மனிதர் தலையில் கட்டிவிட்டு, படிவம் ஒரு மேசையில், பணம் கட்டுவது இன்னொரு இடத்தில், கேள்வி கேட்டால் பதில் மூன்றாவது மேசையில் என்று வைத்திருக்கிறோம். தமிழில் எழுதியிருப்பதை வாசித்தால் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்தால்தான் விளங்கும். பிறகு வாசலில் புரோக்கர் நிற்கிறானே என்று ஆச்சரியப்படுகிறோம். அவனை அங்கே நிறுத்தி வைத்திருப்பது இந்த ஒழுங்குதான். வருகிறவனுக்கு இன்னின்ன பத்திரம் வேண்டும் என்று பெரிய எழுத்தில் விளங்கும் தமிழில் ஒரு பலகை வைத்தால் அவன் பிழைப்பில் பாதி போய்விடும். அதற்கு இத்தனை வருடமாக யாருக்கும் நேரமில்லை.

வேலைகளின் வரிசை முக்கியம். அடுத்த மாதம் அனுமதிப்பத்திரம் முடிவதால் புத்தகம் மாறும்வரை அதற்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே சேர்விஸ், அடுத்து புகைச் சோதனை, காப்புறுதி நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுமதிப்பத்திரம். இணையத்திலும் எடுக்கலாம். பிந்தினால் தண்டப்பணம். சோதனையை நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே செய்யலாம், இதற்காக யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. பழைய நிலுவை ஏதும் கிடந்தால் தம்பியிடம் வாங்குங்கள், அது உங்கள் கடன் இல்லை. இதற்கிடையில் ஒப்பத்துக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள், வெளிநாடு என்றால் அதுதான் இழுக்கும்.

கடைசியாக அந்த என்.பீ. எழுத்துகள். வடக்குத் தகட்டோடு கொழும்பில் ஓடுவது குற்றமில்லை. முன்பு மாகாணம் மாறினால் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023 இலிருந்து புதிய தகடுகளில் மாகாண எழுத்தே இல்லை, ஆகவே "மேல் மாகாண டபிள்யூ.பீ. தகடு எடுத்துத் தாறேன்" என்று புரோக்கர் விற்கப் பார்ப்பது இல்லாத ஒரு சாமான். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போய் தகடு அடித்து மாட்டிக்கொள்ளும் யோசனை மட்டும் வேண்டாம். திணைக்களம் கொடுத்த தகட்டைக் கழற்றிவிட்டுக் கடைத் தகட்டோடு ஓடினால், எந்தக் குற்றமும் செய்யாத நீங்கள் பொலிஸிடம் கைகட்டி நிற்க வேண்டிவரும். தகடு வெடித்திருந்தால் நாலு திருகாணி போட்டு இறுக்குங்கள், அது போதும்.