உப்புத் தண்ணீருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம்?

கேள்வி: ஐயா, ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன், கிணற்றுப் பாசனம். கத்தரி இலை ஓரம் கருகிக்கொண்டே வருகிறது, பூ நிற்கவில்லை, பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. உரக்கடையில் ஏக்கருக்கு 10 மூட்டை ஜிப்சம் போடச் சொல்கிறார்கள், கூடவே குழாயில் மாட்டும் காந்தக் கருவி ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். 600 அடி போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று இன்னொருவர் சொல்கிறார். ஜிப்சம் எத்தனை மூட்டை போடலாம்? மாடும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறது, பயமாக இருக்கிறது. தண்ணீர் ரிப்போர்ட்: இ.சி. (உப்பைக் காட்டுகிற மின்கடத்து அளவு) 3.6, பி.எச். 7.6, குளோரைடு அதிகம், எஞ்சிய சோடியம் கார்பனேட் இல்லை.

பதில்: தம்பி, ரிப்போர்ட் எடுத்து அனுப்பியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், பாதிப் பேர் இலையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு மருந்து பெயர் கேட்கிறார்கள். ஜிப்சம் இப்போதைக்கு ஒரு மூட்டைகூட வேண்டாம். சோடியம் ஏறி மண் இறுகிப்போய், பி.எச். 8.5-க்கு மேல் போன களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் மருந்து. உங்கள் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் குளோரைடு உப்பு, மண்ணைக் களராக்குகிற எஞ்சிய சோடியம் கார்பனேட் அதில் இல்லை. ஜிப்சமும் ஒரு உப்புதான், தேவையில்லாத இடத்தில் கொட்டினால் இருக்கிற உப்போடு சேரும். மண் பரிசோதனை இல்லாமல் 10 மூட்டை என்று கணக்குச் சொன்ன கடைக்காரர் உங்கள் நிலத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குடோனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: ஒவ்வொரு பாய்ச்சலிலும் எவ்வளவு உப்பு வயலுக்குள் வருகிறது, அது எந்த வழியாக வெளியே போகப்போகிறது? இ.சி. 3.6 என்றால் லிட்டருக்குச் சுமார் 2,300 மில்லிகிராம் உப்பு. ஏக்கருக்கு 2 அங்குலத் தண்ணீர் கட்டினால் அதோடு ஏறக்குறைய 470 கிலோ உப்பும் வந்து இறங்குகிறது. ஒரே பாய்ச்சலில்! செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும், வெயில் அதை மேலே இழுக்கும், அதுதான் நீங்கள் பார்க்கிற வெள்ளை.

இந்த உப்பு வேர் பக்கத்திலிருந்து போவதற்கு ஒரே வழிதான் உண்டு, நல்ல தண்ணீரோடு கரைந்து வேருக்குக் கீழே இறங்க வேண்டும். பாட்டிலில் விற்கிற எதுவும் உப்பைக் காணாமல் ஆக்காது. ஹியூமிக் அமிலம், நுண்ணுயிர்க் கலவை, எதுவானாலும் சரி. காந்தக் கருவி வழியாகப் போன தண்ணீரை மறுபடி பரிசோதித்துப் பாருங்கள், இ.சி. அதே 3.6 காட்டும். அந்தக் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள், கடன் சொல்லியும் வாங்காதீர்கள்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். மழைதான், தம்பி. நம் பாலாற்றுப் பக்கம் ஆடி கடைசியிலிருந்து கார்த்திகை வரை விழுகிற மழை கொஞ்சநஞ்சமல்ல, அதை வரப்பு வழியாக ஓடவிட்டுவிட்டு மூட்டை மூட்டையாக மருந்து தேடுவதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வயலைச் சமன் செய்யுங்கள். மேடாக இருக்கிற இடத்தில் உப்பு நிற்கும், அதனால் இந்த வேலையில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்றரை அடி உயரத்துக்கு வரப்பு கட்டி, ஆழமாக ஒரு உழவு ஓட்டி, விழுகிற மழை முழுவதையும் உள்ளேயே நிறுத்துங்கள். ஓர் அடி மண்ணுக்குள் அரை அடி நல்ல தண்ணீர் இறங்கினால் ஏறக்குறைய பாதி உப்பு கழுவிக்கொண்டு போகும், ஓர் அடி இறங்கினால் ஐந்தில் நாலு பங்கு போய்விடும். முதல் மழையிலேயே ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் மண் இன்னும் நன்றாக வடியும். அப்படிக் கழுவினால் உப்பு கிணற்றுக்குத்தானே திரும்பிப் போகும் என்று கேட்கலாம். ஓரளவு போகும்தான், ஆனால் மழைத்தண்ணீரோடு கலந்து போகிறது. வேரைச் சுற்றி நிற்கிற உப்புதான் பயிரைக் கொல்கிறது. மழையைத் தேக்குவதற்கு முன்னால் ஆறடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள், அதில் தண்ணீர் ஊறி நின்றால் இறங்க இடமில்லை என்று அர்த்தம், முதலில் வடிகால் வெட்ட வேண்டும்.

கத்தரியை விட்டுவிடுங்கள். உப்புக்குப் பயப்படுகிற செடி அது, நன்றாக வடிகிற மண்ணிலேயே இந்தத் தண்ணீரில் சுமார் 30 சதவீத மகசூல் போய்விடும். வெங்காயம், பீன்ஸ் பக்கமும் போகாதீர்கள். சோளம், பருத்தி, பீட்ரூட் தாங்கும், தென்னையும் சப்போட்டாவும் தாங்கும். மாடு இருக்கிறதே, ஒரு ஏக்கர் தீவனச் சோளம் போட்டால் என்ன? பொட்டாஷ் போடுவதானால் சிவப்புப் பொட்டாஷ் வேண்டாம், அதில் பாதிக்குப் பாதி குளோரைடுதான். விலை கூடினாலும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் பலர் தூறல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. ஈரம் முடிகிற ஓரத்தில் சேர்ந்திருக்கிற உப்பைத் தூறல் வேருக்குள் தள்ளிவிடும். நல்ல மழை பிடிக்கும் வரை சொட்டுநீர் ஓடட்டும்.

600 அடி போர் வேண்டாம். கொஞ்சம் மணலுக்குக் கீழே நமக்கு எல்லாம் பாறைதான், நல்ல தண்ணீர் வரும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது, மேலே இருக்கிற கெட்ட தண்ணீரைக் கீழே இழுத்துவிடவும் கூடும். அந்தப் பணத்தில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். இ.சி. 0.4 உள்ள மழைத்தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் உங்கள் 3.6 இரண்டுக்கு இறங்கிவிடும்.

மாட்டைப் பொறுத்தவரை இந்த அளவு உப்பு மட்டும் என்றால் பயமில்லை, பயப்பட வேண்டியது டேனரியில் தோல் பதனிடப் போடுகிற குரோமியத்துக்கு. அது உங்கள் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை, டேனரிப் பகுதியில் அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், பாசனத்துக்கு 0.1 தான் எல்லை. அது தெரியும் வரை வீட்டில் யாரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் முடிந்தவரை வேறு தண்ணீர் காட்டுங்கள். உப்பும் டேனரியிலிருந்துதான் வருகிறது, தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு ஊறவைக்கிற தண்ணீரில் கரைந்து வெளியேறும், சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. உச்ச நீதிமன்றம் 1996-இலேயே வேலூர் வழக்கில் மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது, 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசுக்கு இழப்பீடு பற்றி மறுபடி உத்தரவிட்டது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை, வைகாசியிலும் தையிலும், தேதியும் முத்திரையும் உள்ள ரிப்போர்ட் எடுத்து பத்திரப்படுத்துங்கள். நாளைக்குக் கேட்கிற அதிகாரியிடம் காட்ட உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

இப்போது மண் எடுங்கள். வெள்ளை பூத்த மேல்தோலைச் சுரண்டி அனுப்பாதீர்கள், அரை அடி வரை ஒரு மாதிரி, அதற்குக் கீழே ஓர் அடி வரை இன்னொரு மாதிரி, தனித்தனிப் பையில். பி.எச்., இ.சி., சோடிய சதவீதம் (மண்துகளில் ஒட்டியிருக்கிற சோடியத்தின் பங்கு) மூன்றும் கேளுங்கள். சோடிய சதவீதம் 15-ஐத் தாண்டியிருந்தால் ஜிப்சம் அளவை நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.