பாதி மூடிய தகடுகளும் குறையாத மின்சாரமும்

கேள்வி: கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். மாலையில் ஆட்கள் கலைந்ததும் குளிரூட்டலுக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லரில், கம்ப்ரசருக்குள் வாயு நுழையும் வாயிலில் உள்ள தகடுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஆயினும் குளிர் குறைந்த அளவுக்கு மின்சாரம் குறைவதில்லை. இத்தகடுகள் மின்சாரத்தைச் சேமிக்கின்றனவா, வீணாக்குகின்றனவா? மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்தினால் இவை தேவைப்படாதா?

பதில்: இரண்டையும் செய்கின்றன, எதை எப்போது என்பதைத் தகட்டின் கோணம் தீர்மானிக்கிறது. கணித அறிஞர் ஒயிலர் 18ஆம் நூற்றாண்டில் தந்த சமன்பாட்டின்படி, மையநீக்கக் கம்ப்ரசரின் இம்பெல்லர் எனும் சுழல்சக்கரம் செய்யும் வேலை, வாயு உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் கொண்டுள்ள சுழற்சிகளின் வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே தகடுகள் சற்றே திரும்பி, இம்பெல்லர் சுழலும் திசையிலேயே வாயுவை முன்கூட்டிச் சுழலவிட்டால், ஓடும் பஸ்ஸின் திசையில் இரண்டடி ஓடி ஏறுபவருக்குக் குலுக்கல் குறைவதைப் போல, இம்பெல்லரின் வேலையும் அதன் முன்விளிம்பில் நேரும் மோதலும் குறைகின்றன. முழுவதும் திறந்த நிலையைப் பூச்சியம் பாகை எனக் கொண்டால், ஏறத்தாழ 30 பாகை வரை இந்த ஆதாயமே மேலோங்கி நிற்கும். 60 பாகையைத் தாண்டினால் தகடு வழிகாட்டுவதை விட்டு வழிமறிக்கத் தொடங்கும்.

அந்நிலையில் வாயு தகட்டின் பின்புறத்தை ஒட்டி ஓட இயலாமல் பிரிந்து சுழிகளாக உடைகிறது. எஞ்சிய ஒடுங்கிய இடைவெளிகளில் வேகம் கூட, இழப்போ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. தகடு தடையின்றித் திரும்புவதற்காக முனைகளில் விடப்பட்ட இடுக்குகளின் ஊடான கசிவும் பாய்ச்சலைக் குழப்புகிறது. இந்த அமுக்க இழப்பு உறிஞ்சும் பக்கத்தில் நேர்வதால்தான் அது பெரிதாகிறது. 5 பாகை செல்சியசில் ஆர்-134ஏ எனும் குளிரூட்டும் வாயுவின் அமுக்கம் ஏறத்தாழ 350 கிலோபஸ்கால். பழைய சில்லர்களில் உள்ள ஆர்-123 வாயுவுக்கோ அது 41 அளவில்தான். பின்னதில் 2 கிலோபஸ்கால் இழந்தாலே 5 சதவீதம் போய்விடும்; அதைக் கம்ப்ரசர்தான் ஈடுசெய்ய வேண்டும்.

வேகமாற்றி பயனுள்ளதே, ஆனால் தகடுகளை அது ஓய்வுபெறச் செய்யாது. வேகத்தைக் குறைத்தால் பாய்ச்சல் அதே விகிதத்தில் குறைய, எட்டக்கூடிய அமுக்க உயர்வு அதன் வர்க்க விகிதத்தில் விழும். விலைமனுக்களில் கவர்ச்சியாகத் தோன்றும் ஐபிஎல்வி என்னும் பகுதிச்சுமை எண், வாயுவைத் திரவமாக்கும் ஒடுக்கிக்கு வரும் நீர் 18.3 பாகை வரை குளிரும் எனக் கொண்டு கணிக்கப்படுவது. டிசம்பரிலும் புழுக்கம் விடாத கொழும்பில் குளிர்கோபுரம் அதைத் தராது; நீர் அவ்வளவு குளிராதபோது கம்ப்ரசர் எட்ட வேண்டிய அமுக்க உயர்வும் அவ்வளவாகக் குறையாது. எனவே இங்கு வேகத்தை ஓரளவுக்குக் கீழ் இறக்கினால் கம்ப்ரசர் சேர்ஜ் எனும் பின்னோட்டத்தில் விழும். மிச்சக் குறைப்பைத் தகடுகளே செய்ய வேண்டும்.

முதலில் தகட்டுக் கோணத்தை மணிக்கொரு தடவை குறித்து வாருங்கள். மாலை முழுவதும் அது 60 பாகைக்கு மேல் நின்றால், அந்தச் சுமைக்கு அந்தச் சில்லர் பெரிது. சிறியது ஒன்று இருந்தால் அந்நேரத்தில் அதை ஓட்டுவதே மலிவு.