காயிலோவர் மாட்டலாமா, அண்ணாச்சி? – வாகனக் கேள்வி பதில்

அண்ணாச்சி, 2015 மாடல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். காயிலோவர் போட்டு இரண்டு இன்ச் இறக்க ஆசை. வாரம் ஒருமுறை அம்பாசமுத்திரமும் மாதம் ஒருமுறை குடும்பத்தோடு நாகர்கோவிலும் போகிற வண்டி. என்ன பார்த்து வாங்க வேண்டும்? எப்படி செட் பண்ண வேண்டும்?
– பாளையங்கோட்டை வாசகர்

காயிலோவர் என்பது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும், உயரத்தை மாற்றக்கூடிய செட். இரண்டு இன்ச் வேண்டாம் தம்பி, 20 மி.மீ. போதும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் கிடப்பது சிமென்டைக் குவித்துத் தட்டிய மேடு. அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் ஏற்றியிருப்பார்கள். முன்சக்கரம் தாண்டியதும் வண்டியின் அடிவயிறு தட்டும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது, உயரம் எங்கே மாறுகிறது என்பதை. மலிவு செட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு மட்டும்தான் மரையில் ஏறி இறங்கும். தட்டை இறக்கினால் வண்டி இறங்கும், ஆனால் ஷாக்கின் தண்டும் அதே அளவு உள்ளே போய்விடும். அப்புறம் சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் (தண்டு முழுக்க உள்ளே போகாமல் தடுக்கும் கட்டை) இடிக்கும். இன்னொரு வகையில், ஷாக்கைச் சக்கரத்தோடு பிடிக்கும் கீழ்ப் பிராக்கெட்டுக்குத் தனி மரை உண்டு. ஸ்பிரிங்கைத் தொடாமலே மொத்த நீளத்தைக் குறைக்கலாம், ஷாக்கின் ஓட்டம் குறையாது. விலை கூடத்தான், ஆனாலும் இதையே வாங்குங்கள். டயர் உள்பக்கம் உரசுகிறதா என்று மட்டும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங்கின் கெட்டி. முன்சக்கரம் ஒன்றின் மேல் 250 கிலோ உட்காருகிறது என்று வையுங்கள். 2.5 கிலோ ஸ்பிரிங் (ஒரு மி.மீ. அமுங்க 2.5 கிலோ) 100 மி.மீ. அமுங்கி நிற்கும். 5 கிலோ ஸ்பிரிங் 50 மி.மீ.தான் அமுங்கும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கிப் போக உங்களிடம் இருப்பதும் அந்த 50தான். அதற்கு மேல் ஆழமென்றால் டயர் தரையை விட்டுவிடும். ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று ஸ்பிரிங்கை 10 மி.மீ. முன்கூட்டியே அமுக்கி மாட்டினால் மிச்சம் 40. குடும்பத்தோடு போகிற வண்டிக்கு முன்னால் 3 முதல் 4 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டைக் கையால் திருகி, ஸ்பிரிங் ஆடாமல் நின்ற இடத்திலிருந்து இரண்டு மூன்று மி.மீ. இறுக்கினால் போதும்.

ஸ்விஃப்டின் பின்பக்கம் ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு. அங்கே உயரம் மாறுவது ஸ்பிரிங்கோடு வரும் தனித் தட்டில். அது சக்கரத்துக்கு நேராக இல்லாததால் தட்டில் 10 மி.மீ. மாற்றினால் வண்டியும் சரியாக 10 மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அளந்துதான் பார்க்க வேண்டும்.

கழற்றும் முன்னே சமதளத்தில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையையும் அளந்து, பேப்பர் டேப் ஒட்டி அதிலேயே எழுதி வையுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து (முன்பக்க ஷாக் கட்டு) விடுவித்த பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். மாட்டியதும் 20, 30 கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பின் மறுபடி அளந்து திருத்துங்கள். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர் இணைப்பு) போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பட்டறையில் இதை விட்டுவிடுவார்கள். பழைய உயரத்தில் இறுகிய ரப்பர் முறுக்கியபடியே ஓடிச் சீக்கிரம் கிழியும். அதற்கப்புறம் அலைன்மென்ட். 500 கி.மீ. ஓடியதும் தட்டை நகராமல் பூட்டும் லாக் ரிங்கையும் அலைன்மென்ட்டையும் இன்னொரு தரம் பாருங்கள்.

காயிலோவர் மாட்டியதிலிருந்து முப்பந்தல் பக்கம் காற்றில் வண்டி அலைகிறது. ஷாக்கின் கெட்டியை மாற்றும் திருகின் கிளிக்கை எல்லாம் கெட்டியாக வைத்தும் பலனில்லை. நின்றபடி ஸ்டியரிங்கை ஒடித்தால் ‘டொங்’ என்று சத்தம் வேறு.
– வள்ளியூர் வாசகர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எந்த வண்டியையும் தள்ளத்தான் செய்யும். ஆனால் இறக்கிய பிறகு டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்காமல் விட்டால், சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து நேர்ரோட்டிலேயே வண்டி நிலைகொள்ளாது. முதலில் அதைப் பாருங்கள். கிளிக்கை முழுக்க மூடியது இன்னும் கெடுதல். ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் திரும்ப நீளுமுன் அடுத்த மேடு வந்துவிடும், வண்டி அமுங்கி அமுங்கி பம்ப் ஸ்டாப்பிலேயே உட்காரும். வலியக் கூடாது, மெதுவாகக் கடைசி வரை மூடி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே பாதிக்குக் கொஞ்சம் மேல் திறந்துவிடுங்கள். இடது வலது ஒரே எண். ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில், ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், முன்னால் மாற்றும்போது பின்னால் கை வைக்காமல்.

சத்தத்துக்கு: ஒருவரை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லி, ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வையுங்கள், வளையங்களுக்கு நடுவே வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டியரிங்கோடு சீராகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்று திடீரென்று துள்ளினால், மேல்முனையில் அது சுழல உதவும் டாப் மவுண்ட் பேரிங் பிடித்திருக்கிறது, அல்லது வாஷரை வரிசை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். பேரிங் நன்றாக இருந்தால் கழற்றி வரிசைப்படி மாட்டினாலே தீரும்.

உவரியில் இருக்கிறேன். ஒரே வருஷத்தில் காயிலோவரின் ரிங் மரையோடு ஒட்டிக்கொண்டது. சுத்தியலால் தட்டலாமா?
– உவரி வாசகர்

தட்டாதீர்கள். அலுமினிய ரிங்கின் காது பிய்ந்துவிடும், அப்புறம் ஸ்பேனர் பிடிக்க இடமிருக்காது. கடல் உப்பும் தேரி மணலும் சேர்ந்து செய்த வேலை அது. தண்ணீர் அடித்து நைலான் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கின் பாரம் பெரும்பாலும் குறையும். அதன் பிறகு ரிங்கின் காதைப் பிடித்துத் திருகும் சி ஸ்பேனர். திறந்ததும் கிரீஸ் பூசாதீர்கள், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்து படியும் ஸ்பிரே போதும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

போலீஸ் பிடிப்பார்களா?
– நாங்குநேரி வாசகர்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ‘சஸ்பென்ஷன் ஆர்.சி.யில் வராது’ என்று கடைக்காரர் சொல்வதோடு விட்டுவிடாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போடுங்கள். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டையும் ஸ்பிரிங்கையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம், மச்சிலேயே கிடக்கட்டும்.