மாமியாருக்குக் குளிர், பேரனுக்கு வேர்க்குரு: ஏர்கோன் ரிமோட் யார் கையில்?

கேள்வி: டாக்டர், செந்தூலில் அடுக்குமாடி வீட்டின் கடைசி மாடியில் இருக்கிறோம். மாமனார் தவறியபின் 76 வயது மாமியார் எங்களோடு வந்துவிட்டார். ரத்த அழுத்தம், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இரண்டுக்கும் அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். இரண்டே அறை என்பதால் என் 4 வயது மகனும் அவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். அவர் ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுக்கிறார். பையனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. என் கணவர் போய் ஏர்கோனை 18-ல் தட்டிவிடுவார். ராத்திரி 2 மணிக்கு மாமியார் எழுந்து, "உடம்பு நடுங்குது, வேர்க்குது" என்று அணைத்துவிடுவார். இப்போது ரிமோட்டை ஒளித்து வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. "கோலாலம்பூர் வெயிலில் யாருக்குக் குளிரும், அம்மா வேண்டுமென்றே செய்றாங்க" என்கிறார் கணவர். இது நோயா, பிடிவாதமா?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அம்மா நடிக்கவில்லை. வயது ஏற ஏறத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மெலிகிறது, தசை குறைகிறது, உடம்புக்குள் சூடு உண்டாவதே குறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்க வேண்டும், அதுவும் மந்தமாகிவிடும். நீங்கள் "அப்பாடா" என்று உட்காரும் அதே அறையில் அவருக்குக் குளிர்வது அதனால்தான்.

ஆனால் மாமியார் சொல்வது எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன். அதே வயது வெப்பத்தை உணர்வதையும் மந்தமாக்குகிறது. வியர்வை குறைவு, தாகம் குறைவு, "எனக்கு ஒன்னும் புழுக்கமா இல்லையே" என்பார், உடம்பு உள்ளே சூடேறிக்கொண்டிருக்கும். கடைசி மாடி, பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரியில்தான் சூட்டைக் கக்கும், அதில் ஜன்னலும் சாத்தி, காற்றாடியும் இல்லை என்றால் எனக்குக் குளிரைவிட அதுதான் பயம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் பயம். வானிலைத் துறையான மெட் மலேசியா தொடர்ந்து 3 நாள் 35 டிகிரியைத் தொட்டாலே முதல் கட்ட எச்சரிக்கை விடுகிறது. அந்த மாதிரி நாள்களில் அவர் "வேண்டாம்" என்றாலும் காற்று ஓட வேண்டும். தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம், கடும் மஞ்சளாகக் கொஞ்சமே போகும் சிறுநீர், இதெல்லாம் தெரிந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு கொதித்து நினைவும் குழம்பினால் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த 18-க்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் வீடுகளுக்கான வழிகாட்டி வெளியிட்டது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக் குறைந்தது 18 டிகிரியாவது வைத்திருங்கள், வயதானவர்கள் இருந்தால் அதற்கும் மேலே வையுங்கள் என்கிறது. அங்கே காசு கொடுத்து ஏறி வருகிற இடத்துக்கு நாம் காசு கொடுத்து இறங்கிப் போகிறோம்! தவிர, சாதாரண ஏர்கோனில் 18 என்று தட்டினால் அறை சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26 அல்லது 27-ல் வைத்துக் காற்றாடியை மெதுவாக விடுங்கள். காற்று அசைந்தாலே 4 டிகிரி குறைந்த மாதிரி இருக்கும், பையனுக்கு அது தாராளம். டைமரும் போட்டு வையுங்கள்.

அப்புறம், கட்டிலை நகர்த்துங்கள். நான் பார்த்த பல வீடுகளில் பாட்டியின் கட்டில் ஏர்கோனுக்கு நேர் கீழேதான் கிடக்கும், ஏனென்றால் அவர் வந்தபோது காலியாக இருந்த இடம் அதுதான். பேரனைக் காற்று வரும் பக்கம் போட்டு, அவரை எதிர் மூலைக்கு மாற்றி, ஏர்கோன் தகட்டை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் பாதிச் சண்டை தீரும். காற்றாடிக் காற்றால் சளி பிடிக்கும் என்று அவர் சொல்லியிருப்பார், என் அம்மாவும் சாகும்வரை சொன்னார். சளி கிருமியால்தான் வருகிறது. ஆனாலும் ராத்திரி முழுக்க முகத்தில் அடிக்கும் காற்று மூக்கையும் கண்ணையும் வறட்டும், கழுத்துப் பிடித்துக்கொள்ளும், எனவே அவரோடு வாதாட வேண்டாம், காற்றைத் திருப்புங்கள்.

காலுக்கு சாக்ஸ் நல்லது, ஆனால் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது மொசைக் தரையில் வழுக்கும், அடியில் ரப்பர் பிடிப்பு உள்ளதாக வாங்குங்கள். சுடுதண்ணீர்ப் பை வேண்டாம். இனிப்புநீர்க்காரர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம், தோல் வெந்தபிறகுதான் தெரியும். குளியலறை ஹீட்டரையும் கையால் தொட்டுப் பார்த்து நீங்களே வைத்துக்கொடுங்கள். பையனுக்கு மெல்லிய பருத்திச் சட்டை, இரண்டு வேளை குளியல் போதும், பவுடரை அப்ப வேண்டாம்.

நோயா என்று கேட்டீர்கள். எப்போதும் இப்படித்தான் என்றால் பெரும்பாலும் வயதுதான். இந்தச் சில மாதமாகத்தான் என்றால் ரத்தசோகை, தைராய்டு குறைவு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், கிளினிக்கில் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதிலும் ரத்தசோகை வரும். பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் மாதிரி ரத்த அழுத்த மாத்திரைகள் கைகாலைச் சில்லென்று ஆக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. நடுக்கத்தோடு காய்ச்சலோ, சிறுநீர் எரிச்சலோ இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஏர்கோன் இல்லை, அந்த 2 மணி. குளிர்கிறவருக்கு நடுங்கும், சரி, ஏன் வேர்க்க வேண்டும்? நடுக்கமும் வேர்வையும் சேர்ந்து நள்ளிரவில் எழுப்பினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளிக்கிளசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் ராத்திரி கொஞ்சமாகச் சாப்பிட்டுப் படுத்தால் இது நடக்கும். துக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இன்றைக்கு அவர் எழும்போது ரிமோட்டுக்குப் பதில் குளுக்கோமீட்டரை எடுங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் இரண்டு பிஸ்கட். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999. எண்ணை எழுதி வைத்து, மாத்திரைப் பையோடு விடிந்ததும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள், அடுத்த தவணைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.