இதயமே இல்லாத தட்டில் ரத்தக் குழாய் எப்படி உருவாகிறது?

கேள்வி: "ஆய்வகத்தில் வளர்க்கும் கரு ஸ்டெம் செல்களில் ரத்தக் குழாய்கள் தாமாகவே உருவாகின்றன என்று படித்தேன். அங்கே இதயமும் கிடையாது, ரத்த ஓட்டமும் கிடையாது. அப்படியானால் குழாய் எப்படி வருகிறது?"

ஸ்டெம் செல் வளர்ப்பில் சில காலம் வேலை செய்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரத்தம் ஓடுவதால்தான் குழாய் உண்டாகிறது என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். கருவிலேயே அப்படி நடப்பதில்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளத் தொடங்குவதற்கு முன்பே முதல் குழாய்களுக்கான செல்கள் ஒன்றுகூடி வலை பின்னத் தொடங்கிவிடுகின்றன. தட்டில் நடப்பதும் அதே வேலைதான்.

உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய எலியின் கரு ஸ்டெம் செல்களை எடுத்துக்கொள்வோம். வளர்ப்புத் திரவத்தில் லிஃப் என்ற புரதம் இருக்கும்வரை அவை வேறு எந்தச் செல்லாகவும் மாறாமல் பெருகிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டு, தட்டில் ஒட்டவிடாமல் மிதக்கவிட்டால் செல்கள் திரண்டு சிறு உருண்டைகளாகும். இவற்றை எம்ப்ரியாய்டு பாடி என்பார்கள். சில நாளில் உள்ளே, கருவின் மூன்று அடுக்குகளில் நடுவில் உள்ளதற்குரிய நடு அடுக்குச் செல்கள் தோன்றும். அவற்றில் ஒரு பகுதி தன் மேற்பரப்பில் ஃப்ளிக்-1 என்ற ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதத்தை, தாங்கிக்கொண்டு வரும். குழாயின் உட்சுவராகப் போகும் எண்டோதீலியல் செல்களும், முதல் ரத்த அணுக்களும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் பிறக்கின்றன. இப்படிப்பட்ட உருண்டைகளில் ரத்தத் தீவுகள் (முதல் ரத்த அணுக்களும் எண்டோதீலியல் செல்களும் சேர்ந்த திட்டுகள்) உருவாவதை ஆய்வாளர் டோயெட்ச்மனும் அவருடைய சகாக்களும் 1985-லேயே காட்டிவிட்டார்கள்.

ஃப்ளிக்-1 பிடித்துக்கொள்ளும் சமிக்ஞைப் புரதம் விஇஜிஎஃப். இது எவ்வளவு நுணுக்கமாக அளக்கப்படுகிறது என்பதற்கு ஒரே சான்று போதும். 1996-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டது: விஇஜிஎஃப்பை உருவாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் இல்லாத எலிக் கருக்கள்கூடப் பிழைக்கவில்லை. பாதி அளவு போதாது. இன்னொரு பக்கம், விஇஜிஎஃப்பைப் பிடித்துவைத்து வேகத்தைக் குறைக்கும் ஃப்ளிட்-1 ஏற்பி இல்லாவிட்டால் எண்டோதீலியல் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, குழாய்கள் ஒழுங்கில்லாமல் போகின்றன. தட்டில் ஊற்றும் விஇஜிஎஃப்பின் அளவு கொஞ்சம் மாறினாலும் கிடைக்கும் வலையின் தோற்றமே மாறிவிடுவதில் ஆச்சரியமில்லை.

சரி, செல்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. நடுவில் துளை எப்படி விழுகிறது? என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்தக் கதையின் அழகான இடம். உள்ளே அழுத்தும் ரத்தம் இல்லை. ஒட்டியிருக்கும் இரண்டு செல்களுக்கும் நடுவே உள்ள மேற்பரப்பில், எதிர்மின்னேற்றம் கொண்ட சர்க்கரைப் புரதங்கள் வந்து சேர்கின்றன. ஒரே வகை மின்னேற்றம் என்பதால் இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, இடைவெளி திறக்கிறது. எலிக் கருவின் பெருந்தமனியில் 2010-இல் காட்டப்பட்டது இது. ரத்தம் வருவதற்கு முன்பே அதற்கான வழி திறந்துவிடுகிறது.

அப்புறம் கிளை விடுவது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு செல் முன்னால் போய் வழி தேடும், மற்றவை பின்தொடரும். முன்னால் போகும் செல், நாட்ச் என்ற சமிக்ஞை வழியாகப் பக்கத்துச் செல்களை அடக்கிவைக்கிறது. ஆனால் அந்த இடம் அதற்கு நிரந்தரமில்லை. விஇஜிஎஃப் ஏற்பியின் அளவு வேறுபட்ட செல்களைக் கலந்து வளர்த்த எம்ப்ரியாய்டு பாடிகளில், நுனி இடத்துக்குச் செல்கள் தொடர்ந்து போட்டியிட்டு இடம் மாறிக்கொள்வதை 2010-இல் பார்த்தார்கள். உயிருள்ள கருவில் இதைப் பின்தொடர்வது மிகக் கடினம். ஸ்டெம் செல் வளர்ப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். ரத்த ஓட்டம் இல்லாமல் எது வராது? ஏறக்குறைய ஒரே அளவுள்ள மெல்லிய குழாய்களின் வலைதான் தட்டில் கிடைக்கும். அது பெரிய குழாய், சிறிய குழாய் என்று படிநிலையாகப் பிரிவதற்கு ஓட்டம் தேவை. 2007-இல் வெளிவந்த ஒரு சோதனையில், எலிக் கருவின் சிவப்பணுக்கள் ஓட்டத்தில் சேராமல் தடுத்தார்கள். இதயம் துடித்தும் குழாய் வலை சரியாகச் சீரமையவில்லை. சிவப்பணுக்களுக்குப் பதிலாக ஸ்டார்ச் கரைசலைச் செலுத்தித் திரவத்தின் பாகுத்தன்மையைக் கூட்டியதும் சீரமைப்பு நடந்தது. அந்தக் கட்டத்தில் தேவைப்பட்டது சிவப்பணு கொண்டுவரும் ஆக்சிஜன் இல்லை, சுவரை உரசிச் செல்லும் விசை.

அதனால்தான் 2019-இல் வியன்னாவில் ஆய்வாளர் பென்னிங்கரின் குழு செய்த வேலையைப் பெரிதாக மதிக்கிறேன். மனித ஸ்டெம் செல்களிலிருந்து எண்டோதீலியல் செல், அதைச் சுற்றித் தாங்கும் பெரிசைட், வெளியே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் என்று மூன்றும் சேர்ந்த குழாய் ஆர்கனாய்டுகளை, அதாவது உறுப்பின் சிறு மாதிரிகளை, வளர்த்தார்கள். எலிக்குள் பதித்தபோது அவை எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைந்துகொண்டன. உயர் சர்க்கரையும் அழற்சிப் புரதங்களும் சேர்ந்த திரவத்தில் வளர்த்தபோது, நீரிழிவு நோயாளிகளின் நுண்குழாய்களில் காணப்படுவதுபோல அடித்தளச் சவ்வு தடித்தது.

"செயற்கை ரத்தக் குழாய் தயார்" என்ற தலைப்போடு செய்தி வந்தால் இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, அதன் வழியே உண்மையில் ரத்தம் ஓடியதா. மற்றொன்று, மாறாமல் மிஞ்சிய ஸ்டெம் செல்களை எப்படி நீக்கினார்கள். அப்படி மிஞ்சியவை உடலுக்குள் போனால் டெரட்டோமா என்ற கட்டியாக வளரக்கூடும். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத செய்தி, சிகிச்சையைப் பற்றியது இல்லை. தட்டில் நடந்த ஒரு சோதனையைப் பற்றியது.