கவலை இருந்தால் புண் ஆறாது என்கிறார்களே, உண்மையா?

அம்மாவுக்கு ஆபரேஷன் தையல் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி "கவலைப்பட்டா புண்ணு ஆறாது" என்கிறார், அது வெறும் பேச்சா, உடம்பில் அதற்குக் காரணம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் இருக்கிறது. நான் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் டிரஸ்ஸிங் கட்டும் நர்ஸ். 11 வருஷமாகப் பார்ப்பது புண்ணைத்தான். ஆனாலும் இதை நான் முழுசாக நம்பியது என் கையில் பட்ட பிறகுதான்.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அருவாமனை இடது கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு அங்குல நீளம், ஆழம் கம்மி, தையல்கூடத் தேவைப்படவில்லை. 10 நாளில் பொருக்கு உதிர வேண்டிய காயம். மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தால் ஓரம் வெளுத்து, நடுவில் ஈரத்தோடு, முதல் வாரம் பார்த்தபடியே இருந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. சுகர் பார்த்தேன், நார்மல். எங்கள் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நைட்டு தூங்குறியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஒழுங்காகத் தூங்கி 6 மாசம் ஆகியிருந்தது. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, மறதி நோய். காசிமேட்டில் மீன் எடுத்து 30 வருஷம் தெருத்தெருவாக விற்றவர். ராத்திரி 2 மணியானால் எழுந்து கதவைத் தட்டுவார். "ஏலம் ஆரம்பிச்சிருக்கும்மே, அன்னக்கூடை எங்க?" பேரப்பிள்ளை பெயர் மறந்தாலும் ஏல நேரம் மறக்கவில்லை. நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்ப 4 மணிக்கு ஒரு தடவை. அப்புறம் தண்ணி லாரி, சமையல், கிளினிக்.

இதைச் சொன்னதும் டாக்டர் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் செய்து, 1995-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வீட்டில் அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், ஏறக்குறைய அதே வயதில் அந்தப் பாரம் இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே மாதிரி சின்னக் காயம். பாரம் இல்லாதவர்களுக்கு ஆற சராசரியாக 39.3 நாள். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு 48.7 நாள். 26 பேர்தானே என்று கேட்கலாம், சரிதான். ஆனால் 1998-ல் அதே குழு 11 பல் மருத்துவ மாணவர்களின் மேல் அண்ணத்தில், கோடை விடுமுறையில் ஒரு காயமும் பரீட்சைக்கு 3 நாள் முன்பு ஒரு காயமும் வைத்துப் பார்த்தது. பரீட்சைக் காயம் சராசரியாக 3 நாள் கூட எடுத்தது. 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை.

இனி தோலுக்குள் நடப்பது. காயம் பட்டதும் அந்த இடம் சிவந்து, சூடாகி, லேசாக வீங்கும். பலர் பயந்து ஓடிவருவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். அடிபட்ட செல்கள் இன்டர்லூக்கின் போன்ற வேதிப்பொருள்களை விட்டு ஆள் கூப்பிடுகின்றன. வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அதற்கப்புறம்தான் தோலைத் தாங்கும் கொலாஜன் நாரை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து பள்ளத்தை நிரப்பும். மேல்தோலின் கெரட்டினோசைட் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து நடுவில் சேரும். டிரஸ்ஸிங் பிரிக்கும்போது ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று ஒரு மெல்லிய கரை தெரியுமே, அது இவைதான். ஒவ்வொரு தடவையும் நான் முதலில் தேடுவது அந்தக் கரையைத்தான்.

கவலை மாசக்கணக்கில் நீடித்தால் மூளையில் ஹைப்போதலாமஸ், அடியில் பிட்யூட்டரி, அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி என்று உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சுரப்பி விடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், இறங்க வேண்டிய ராத்திரி நேரத்திலும் சரியாக இறங்காது. கார்ட்டிசாலின் வேலைகளில் ஒன்று வீக்கத்தை அடக்குவது. அதனால் ஆள் கூப்பிடும் சத்தமே கம்மியாகிறது, சுத்தம் செய்யும் வேலை பிந்துகிறது. கெரட்டினோசைட் ஊர்வதும் கொலாஜன் நெய்வதும் குறைகின்றன. ரத்தத்தில் சர்க்கரையும் ஏறும்.

இதில் புதுசு எதுவும் இல்லை என்பேன். மாத்திரையாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குப் புண் லேசில் ஆறாது என்பது டிரஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் தெரியும். படர்தாமரைக்கும் சிவப்பழகுக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசும் கிரீம்களில் பலவும் ஸ்டீராய்டுதான். மாசக்கணக்கில் பூசிய கன்னம் நரம்பு தெரிய வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். ட்யூபில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்று போட்டிருப்பது நம் உடம்பே சுரக்கும் அதே கார்ட்டிசால். வெளியிலிருந்து வந்தால் தோலை மெலிய வைப்பது உள்ளிருந்து வழிந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

அதே சுரப்பி விடும் இன்னொரு ஹார்மோன் அட்ரீனலின், அது வேறு வழியில் கெடுக்கிறது. தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், காயத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். கெரட்டினோசைட்டின் மேலேயே அட்ரீனலின் வந்து ஒட்டிக்கொள்ள இடமும் இருக்கிறது. பீட்டா 2 ஏற்பி என்பார்கள். ஒட்டிக்கொண்டால் செல்லின் நகர்வு மந்தமாகும். பி.பி.க்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து போட்டு ஆய்வகத்தில் இதைத் தடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அதற்காக வீட்டில் இருக்கும் பி.பி. மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிவிடாதீர்கள். செய்யக்கூடியவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவின் தையல் ஆறாததற்குக் கவலைதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாசச் சுகர் சராசரி, பாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா பாருங்கள், முட்டை, பருப்பு உள்ளே போகிறதா பாருங்கள், தையலைச் சர்ஜனிடம் திரும்பக் காட்டுங்கள். போன வருஷம் கந்துவட்டிக் கவலையில்தான் கால் புண் ஆறவில்லை என்று ஒரு மீன்பாடி வண்டிக்காரர் இரண்டு மாசம் சும்மா இருந்துவிட்டு வந்தார். சுகர் 380. கவலையும் இருந்தது, பொய்யில்லை.

அப்புறம் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டு யாருக்கும் கார்ட்டிசால் இறங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் படுக்க ஒரு ஆள், வலிக்குச் சரியான மாத்திரை, இடையில் எழுப்பாத ஒரு ராத்திரி, இவை கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

எனக்கு அதைக் கொடுத்தது திருவொற்றியூரில் இருக்கும் நாத்தனார். வெள்ளி, சனி இரண்டு ராத்திரி அத்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். முதல் வெள்ளிக்கிழமை நான் 11 மணி நேரம் தூங்கினேன். இரண்டு வாரத்தில் அந்த இளஞ்சிவப்புக் கரை வந்தது. தூக்கத்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அதுவாகவே ஆற வேண்டிய நேரமாகவும் இருந்திருக்கலாம்.

நாத்தனார் வீட்டிலும் அத்தை 2 மணிக்கு எழுந்து அன்னக்கூடை கேட்டிருக்கிறார். நாத்தனார் மறுபேச்சுப் பேசாமல் பரணில் கிடந்த பழசை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாராம். அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாராம். 6 மாசம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த வாரமே பழைய இரும்புக்கடையில் ஒன்று தேடி வாங்கிவந்தோம்.