முகம் பார்த்து வாடுகிற பிள்ளை தாதியாகலாமா?

அக்கா, போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "ஆராவது முகம் சுளிச்சாலே வாடிப்போறவள், வாட்டில எப்படி நிப்பாள்?"

அன்று இடையில் உங்களுக்கு ஒரு கோல் வந்தது. மகள் சட்டென்று பேச்சை நிறுத்தி உங்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உங்கள் நெற்றி சுருங்கியிருந்ததை நான் கண்டேன். உங்கள் கையைப் பிடித்தபடியே மீதிக் கதையைச் சொல்லி முடித்தாள்.

அந்தக் கண்ணைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1986இல் மெக்லியோட், மத்தியூஸ், டாடா என்ற உளவியலாளர்கள் திரையில் மேலும் கீழுமாக இரண்டு சொற்களை அரை நொடி காட்டினார்கள். சொற்கள் மறைந்ததும் ஓரிடத்தில் ஒரு புள்ளி தோன்றும். பதகளிப்பு நோய், அதாவது கவலை அளவுமீறிய நோய், உள்ளவர்கள் அச்சமூட்டும் சொல் இருந்த இடத்துப் புள்ளியைத்தான் விரைவாகக் கண்டார்கள். கவனம் ஏற்கெனவே அங்கே போயிருந்தது. உங்கள் மகள் நோயாளி இல்லை. ஆனாலும் எளிதில் கவலைப்படுகிற இயல்பு உள்ளவர்களிடமும் இந்தச் சாய்வு தெரிகிறது. கலகலப்பானவர்களின் கவனம் நல்ல செய்தியின் பக்கம் சாய்வதும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது 2002இல் டெரிபெரி, ரீட் என்ற உளவியலாளர்கள் கண்டதுதான். பதகளிப்பு இயல்பு உள்ளவர்களிலும், கவனத்தை ஆளத் தெரிந்தவர்கள் திரையில் தங்களுக்குப் பாதகமான இடத்திலிருந்து அரை நொடிக்குள் கவனத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே முதலில் எதைப் பார்க்கிறாள் என்று கவலைப்படாதீர்கள். பார்த்ததிலிருந்து மீள்கிறாளா என்று பாருங்கள். நோயாளி வாய் திறந்து சொல்லுமுன் வலியைக் காண்கிற தாதி கிடைப்பது எவ்வளவு அருமை!

சீனி வருத்தத்துக்கு அம்மம்மா மாதாமாதம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறா என்றீர்கள். இந்த விடுமுறையில் மகளைத் துணைக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். அன்று கண்ட முகங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறாளா, இரண்டு நாளாகியும் சாப்பாடு இறங்காமல் இருக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அழுதால் அழட்டும், "இதுக்கெல்லாம் அழுறதா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒருநாளை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம், மூன்று தடவையாவது போய் வரட்டும்.

உயிரியல் பிரிவை இப்போதைக்கு மாற்றாதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எட்டாவிட்டால் தாதியர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த முறை மகளைத் தனியாக அனுப்புங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவள் கண் உங்கள் முகத்தில்தான் இருக்கும்.